கோல்ஃப் போட்டிகளைப் படம் எடுத்தால் ஆட்டம் கைக்கு வருமா?

தருமபுரியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "பத்து வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, சீர் என்று படம் எடுக்கிறேன். ஓசூர் பக்கம் தொழிற்சாலை அதிகாரிகள் சேர்ந்து நடத்தும் கோல்ஃப் போட்டிக்குப் படம் எடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கும் ஆட ஆசை உண்டு. நாள் முழுக்க ஆட்டக்காரர்களை லென்ஸ் வழியாகப் பார்த்தால் ஆட்டம் பிடிபடுமா? பயிற்சியாளர் செலவு மிச்சமாகுமா?" மேலே தெரிவது செலவுக் கணக்கு. ஆனால் அவர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது, உடம்பால் ஆட வேண்டிய ஒன்றைக் கண்ணால் எவ்வளவு தூரம் கற்கலாம், அதில் கேமரா துணை நிற்குமா, தடம் புரட்டுமா என்பதைத்தான். நானும் ஒரு காலத்தில் இதே கேள்வியோடு அலைந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்குக் கிருஷ்ணகிரியில் ஸ்டுடியோ. 2012லிருந்து ஓசூர், பெங்களூரு சுற்றுவட்டாரத்தில் அமெச்சூர் போட்டிகளுக்குப் படம் எடுத்து வருகிறேன். நிறுவனங்கள் நடத்தும் சனிக்கிழமைப் போட்டிகள், சிறுவர் போட்டிகள், மூத்தோர் போட்டிகள் எல்லாம் அதில் அடக்கம். 2015ல்தான் கிளப்பை, அதாவது கோல்ஃப் மட்டையை, கையில் எடுத்தேன். இன்று என் ஹேண்டிகேப் 19. அதாவது பார் (மைதானத்தை முடிக்க விதித்திருக்கும் அடிகள்) 72 என்றால், அதோடு 19 கூட்டி நல்ல நாளில் 91ஐ ஒட்டி முடிப்பேன். பயிற்சியாளர் படிப்பு எதுவும் படிக்கவில்லை. ஆகவே கீழே வருவதில் படம் எடுப்பது பற்றிச் சொல்வதை முழு நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம். ஸ்விங் (கிளப்பை வீசும் விதம்) பற்றிச் சொல்வதை ஒரு பயிற்சியாளரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதலில் நேரான பதில். படம் எடுப்பதால் ஸ்விங் வராது. பயிற்சியாளர் செலவில் ஒரு பகுதி மிச்சமாகலாம், முழுவதும் ஆகாது. ஆனால் பந்தை அடிக்கும் அந்த ஒரு நொடிக்கு முன்னும் பின்னும் ஆட்டக்காரர் செய்கிற காரியங்கள் இருக்கின்றனவே, அவற்றைப் புகைப்படக்காரர் அளவுக்குக் கூர்ந்து பார்க்க மைதானத்தில் வேறு யாருக்கும் வாய்ப்பில்லை. ஆடுபவருக்குத் தன் பந்துதான் கவலை. கிளப் பையைத் தூக்கி வரும் கேடிக்குப் பந்து விழும் இடம் கவலை. நமக்கு மட்டும்தான் ஆளைப் பார்ப்பதே வேலை. அமெச்சூர்களின் ஸ்கோரில் பாதி அந்த முன்பின் காரியங்களில்தான் போகிறது என்பது என் எண்ணம்.

நான் இதை எப்படிக் கற்க நேர்ந்தது என்பதைச் சொன்னால் உங்களுக்கும் ஒரு தவறு மிச்சமாகும். என் முதல் போட்டியில், டீயில் (முதல் அடி அடிக்கும் இடத்தில்) ஒருவர் கிளப்பைப் பின்னோக்கித் தூக்கிய நேரத்தில் பட்டனை அழுத்திவிட்டேன். அப்போது வைத்திருந்தது மிரர் உள்ள டிஎஸ்எல்ஆர். கல்யாண மண்டபத்தில் நாகஸ்வரச் சத்தத்தில் அந்த 'டக்'கை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். காலை 7 மணிக்கு, காற்றுகூட இல்லாத மைதானத்தில் அது வெடிபோலக் கேட்டது. பந்து வலப்பக்க மரங்களுக்குள் போனது. அவர் திட்டவில்லை. திரும்பி ஒரு முறை பார்த்தார், அவ்வளவுதான். அன்று மாலை வரை பந்து கிளப்பை விட்டுக் கிளம்பும் முன் என் விரல் பட்டனுக்குப் போகவே இல்லை. அதன்பின் பல வருடம் அதுவே என் விதியானது: அடிபட்ட சத்தம் கேட்ட பிறகுதான் ஷட்டர். அதனால் என் ஹார்ட் டிஸ்க்கில் ஆயிரக்கணக்கில் சேர்ந்தவை அடித்து முடித்த நிலைகள். ஸ்விங்கின் கடைசிப் பக்கத்தை மட்டும் வருடக்கணக்கில் படித்தவன் நான்.

அந்தக் கடைசிப் பக்கம் நிறையச் சொல்லும். தளி பக்கத்திலிருந்து வரும் வயதான கேடி ஒருவர் எனக்கு இதைத் தொடக்கத்திலேயே சொன்னார்: "பந்தைப் பாக்காதீங்கண்ணா, அவரு காலைப் பாருங்க. பந்து எங்க போகுதுன்னு கால் மொதல்லயே சொல்லிடும்." ஒரு வருடம் கழித்துத்தான் அதன் அர்த்தம் புரிந்தது. வலக்கை ஆட்டக்காரர் நன்றாக அடித்தால் முடிவில் உடல் எடை இடது காலில் வந்து நிற்கும். வலது குதிகால் மேலே எழுந்து, ஷூவின் அடிப்பாகம் பின்னால் நிற்பவருக்குத் தெரியும். பெல்ட் பக்கிள் இலக்கைப் பார்க்கும். பந்து தரையைத் தொடும் வரை அவர் அப்படியே நிற்க முடியும். சரியாக அடிக்காதவர் முடிவில் பின்காலுக்குச் சாய்வார், அல்லது நிலைகொள்ளாமல் ஓர் அடி எடுத்து வைப்பார். படத்தை மட்டும் பார்த்து, பந்து எங்கே போனது என்று நினைவில்லாமலே, நல்ல அடியா இல்லையா என்று இப்போது பெரும்பாலும் சொல்லிவிடுவேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். நல்ல அடிக்குப் பின் நல்ல நிலை வருகிறது என்பது நான் கண்ணால் கண்டது. நல்ல நிலையில் முடித்தால் நல்ல அடி வரும் என்பது அதிலிருந்து தானாகக் கிடைத்துவிடாது. விளைவைப் பிடித்துக்கொண்டு காரணத்தை இழுத்து வர முடியுமா என்பதில் எனக்கு அரைகுறை நம்பிக்கைதான். ஆனாலும் "முடிவில் 3 எண்ணும் வரை நில்" என்பதைப் பல பயிற்சியாளர்கள் பயிற்சியாகவே தருகிறார்கள். நானும் செய்தேன், பலன் இருந்தது. நிற்க வேண்டும் என்று முன்பே தெரிந்தால் உடம்பு தன் சக்திக்கு மீறி வீசாது என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அடுத்து, கேமரா எங்கே பொய் சொல்லும் என்பது. படக்காரரான உங்களுக்கு இது மிக முக்கியம், ஏனென்றால் ஆட்டக்காரர்கள் உங்கள் படத்தைப் பார்த்துத் தங்கள் ஸ்விங்கை மாற்றிக்கொள்ளப் பார்ப்பார்கள். கிளப் பந்தைத் தொடும் நேரம் ஏறத்தாழ அரை மில்லி விநாடி. அதாவது ஒரு விநாடியில் 2000ல் ஒரு பங்கு. உங்கள் கேமரா விநாடிக்கு 20 பிரேம் எடுத்தால் ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் இடையே 50 மில்லி விநாடி இருக்கிறது. கணக்குப் போட்டால் 100 அடிகளில் ஒன்றில்தான் தொடும் கணம் சிக்கும். சராசரி ஆண் வீசும்போது டிரைவர் எனும் நீளமான கிளப்பின் தலை விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வருகிறது. இரண்டு பிரேமுக்கு நடுவில் அது 2 மீட்டர் தாண்டிப் போய்விடுகிறது. ஆகவே உங்களிடம் இருக்கும் 'அடிக்கும்போது எடுத்த படம்' அனேகமாக அடிப்பதற்குச் சற்று முந்தியதோ சற்றுப் பிந்தியதோதான். அதை வைத்துக் கிளப் முகம் (பந்தில் படும் பரப்பு) திறந்திருந்தது, மூடியிருந்தது என்று யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இன்னொரு பொய், வளைந்த கிளப். சத்தம் வரக் கூடாது என்று எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டால் சாதாரண மிரர்லெஸ் கேமரா சென்சாரை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கும். முழுதும் படித்து முடிக்க 30ல் ஒரு விநாடி ஆகிறது என்று வையுங்கள். அந்த நேரத்தில் கிளப் தலை ஒரு மீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும். படத்தில் ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) வில்லாக வளைந்து தெரியும். ஒருமுறை ஒரு இளைஞர் அந்தப் படத்தைக் கடைக்காரரிடம் காட்டி, தன் ஷாஃப்ட் மெலிசு, விறைப்பானது வேண்டும் என்று கேட்கக் கிளம்பிவிட்டார். நான்தான் தடுத்து நிறுத்தி விளக்கினேன். ஷாஃப்ட் உண்மையிலும் கொஞ்சம் வளையும்தான். ஆனால் உங்கள் படத்தில் எது உண்மை வளைவு, எது சென்சார் செய்த வளைவு என்று பிரிக்க வழியில்லை. வேகமாகப் படிக்கும் அடுக்குச் சென்சார் உள்ள கேமராக்களில் இது மிகவும் குறைவு. 2023 நவம்பரில் சோனி அறிவித்த ஏ9 த்ரீ முழுச் சென்சாரையும் ஒரே நேரத்தில் பதிவு செய்வதால் அதில் இந்த வளைவு இல்லவே இல்லை. விலை நம் கல்யாண சீசன் வருமானத்துக்கு எட்டாதது. மெக்கானிக்கல் ஷட்டர் வைத்து, அடித்த சத்தத்துக்குப் பிறகு எடுப்பதே நமக்குச் சரி.

நிற்கும் இடமும் ஏமாற்றும். ஆட்டக்காரரின் பின்னாலிருந்து இலக்கை நோக்கி எடுக்கும் படத்தில் நீங்கள் ஓர் அடி இடம் மாறினாலும் கிளப் உள்ளிருந்து (உடம்புப் பக்கமிருந்து) வருவதாகவோ வெளியிலிருந்து வருவதாகவோ தெரியும். அவர் கை உயரத்தில், கைகளுக்கு நேர் பின்னால் கேமரா இல்லாவிட்டால் அந்தப் படத்தை ஆராய்ச்சிக்கு வைக்கக் கூடாது. சரியான இடத்தில் நின்று எடுத்தாலும், பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் முடிவு செய்வது கிளப்பின் முகம் பார்க்கும் திசை. கிளப் வரும் பாதைக்குச் சிறு பங்குதான். ஒரு தலைமுறைக்கு முன் இதைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ரேடார் கருவிகள் வந்த பிறகுதான் திருந்தியது. பாதை படத்தில் ஓரளவு தெரியும், முகம் தெரியவே தெரியாது. முக்கியமானதைக் காட்டாமல் துணையானதைக் காட்டுகிறது கேமரா. ஸ்விங்கைப் படத்திலிருந்து கற்க முடியாது என்று நான் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

அப்படியென்றால் தொடர்ப்படங்களால் பயனே இல்லையா? உண்டு, ஒரு விஷயத்தில். பந்தின் தலையில் அடித்து அது தரையோடு உருண்டால் கூட இருக்கும் எல்லோரும் ஒரே குரலில் "தலையைத் தூக்கிட்டீங்க" என்பார்கள். அப்படி உருண்ட பந்துகளின் தொடர்ப்படங்களைப் பயிற்சித் திடலில், ஆட்டக்காரரின் அனுமதியோடு எடுத்துப் பார்த்தேன். நிறையப் படங்களில் கண் கீழேயே இருக்கிறது. பந்து போன பிறகும் புல்லைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். மாறியிருப்பது வேறு: இடது முழங்கை மடங்கியிருக்கும், அல்லது இடுப்பு பந்தை நோக்கி முன்னால் வந்து முதுகு நிமிர்ந்திருக்கும், அல்லது எடை முழுக்கப் பின்காலிலேயே தங்கியிருக்கும். எடை பின்னால் தங்கினால் வீச்சின் தாழ்ந்த புள்ளி பந்துக்கு முன்னதாகவே வந்துவிடும். பிறகு கிளப் மேலேறும்போது பந்தின் தலையைத் தொடும். தலையை ஆணி அடித்தமாதிரி வைத்துக்கொள்ளச் சொன்னால் உடம்பு திரும்பவே திரும்பாது, இன்னும் மோசமாகும். இதில் நான் ஓரளவு உறுதியாகவே இருக்கிறேன்.

இனி என் மனதுக்கு நெருக்கமான பகுதி. நீங்கள் தாலி கட்டும் படம் எத்தனை எடுத்திருப்பீர்கள்? ஐயர் கை உயர்ந்து, கெட்டிமேளம் என்று சொல்லும் முன்பே உங்கள் விரல் தயாராக இருக்கும். அந்தச் சடங்குக்கு ஒரு ஓட்டம் இருக்கிறது, அது உங்கள் உடம்பில் ஏறிவிட்டது. எங்கள் பக்கத்து எருது விடும் விழாவையும் எடுத்திருக்கிறேன். அங்கே எந்த ஓட்டமும் கிடையாது. மாடு எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது, விரல் எப்போதும் பதற்றத்திலேயே இருக்கும். நல்ல கோல்ஃப் ஆட்டக்காரரை எடுப்பது தாலி கட்டுவதை எடுப்பது போல. பந்துக்குப் பின்னால் நின்று இலக்கைப் பார்ப்பார், ஒரு மூச்சு, நடந்து வந்து நிற்பார், கிளப்பைப் பந்துக்குப் பின்னால் வைப்பார், ஒரு முறை இலக்கைப் பார்ப்பார், அடிப்பார். 1வது ஹோலிலும் (டீயிலிருந்து குழி வரை ஒரு ஹோல்) அதே, 18வது ஹோலிலும் அதே. மூன்று ஹோல் கூட நடந்தால் அவர் எப்போது அடிப்பார் என்று என் விரலுக்குத் தெரிந்துவிடும். ஹேண்டிகேப் அதிகம் உள்ளவர்களிடம் இது நடக்காது. ஒரு முறை வந்ததும் அடிப்பார். அடுத்த முறை நான்கு முறை வீசிப் பார்த்து, நின்று, விலகி, மீண்டும் நின்று, கிளப்பைப் பிடித்தபடி சிலையாகிவிடுவார். தண்ணீர் தாண்ட வேண்டிய ஹோலில் அந்தச் சிலை நேரம் கூடும். கூடக்கூடக் கழுத்து நரம்பு தெரியும். நான் வ்யூஃபைண்டரில் அதைப் பார்க்கும்போதே பந்து தண்ணீருக்குள் போகப்போகிறது என்று மனம் சொல்லும்.

எண்ணிப் பார்க்க விரும்பினால் இதையும் செய்யலாம். தொழில்முறை ஆட்டக்காரர்களின் வீடியோவில் பிரேம்களை எண்ணியவர்கள், கிளப் மேலே போகும் நேரத்துக்கும் மேலிருந்து பந்துக்கு வரும் நேரத்துக்கும் விகிதம் ஏறத்தாழ 3க்கு 1 என்று கண்டிருக்கிறார்கள். விநாடிக்கு 20 பிரேம் என்றால் மேலே போக 15, கீழே வர 5. அமெச்சூர்களிடம் நான் எண்ணியதில் ஒரே ஆளுக்கே காலையில் ஒரு கணக்கு, வெயில் ஏறிய பிறகு வேறு கணக்கு வந்தது. விகிதம் 3க்கு 1 ஆகவே இருக்க வேண்டுமா என்பதை நான் வலியுறுத்த மாட்டேன். காலையும் மாலையும் ஒரே கணக்காக இருந்தால் நல்லது என்பதை வலியுறுத்துவேன்.

பட்டிங்கை, அதாவது கிரீன் என்னும் ஒட்ட வெட்டிய புல்தரையில் பந்தைக் குழிக்கு உருட்டுவதை, பற்றி ஒரு படத்தை வைத்துச் சொல்கிறேன். மார்கழி மாதம், ஓசூர் பக்கம், விடிந்து கொஞ்ச நேரம். பயிற்சி கிரீனில் பனித்துளியைத் தட்டிவிட ஆள் இன்னும் வரவில்லை. நான்கு பேர் ஒரே ஹோல் குழிக்கு 12 அடி தூரத்திலிருந்து உருட்டிக்கொண்டிருந்தார்கள். தரை வலப்பக்கம் சரிவு. வெள்ளைப் பனி மேல் பந்து போன தடம் கரும்பச்சைக் கோடாகப் பதிந்திருந்தது. சைக்கிள் டயர் ஈரமண்ணில் போனமாதிரி அவ்வளவு தெளிவு. கேமராவைக் கம்பில் கட்டித் தூக்கி மேலிருந்து எடுத்தேன். பத்துக்கும் மேல் கோடுகள். ஒன்றுகூட ஹோலுக்கு மேட்டுப் பக்கமாகப் போகவில்லை. எல்லாம் பள்ளத்துப் பக்கம் வளைந்து போயிருந்தன. பாதிக்கு மேல் ஹோலை எட்டவே இல்லை. பனி பந்தைப் பிடித்திழுக்கும், அதனால் எட்டாமல் போனதில் பனிக்கும் பங்குண்டு. ஆனால் வெயில் ஏறி, கிரீன் காய்ந்த பிறகு மைதானத்தில் எடுத்த படங்களிலும் இதே கதைதான். அமெச்சூர்கள் சரிவைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஹோலின் விட்டம் 108 மில்லிமீட்டர். எட்டாத பந்துக்கு அது 1 மீட்டராக இருந்தாலும் ஒன்றுதான். மேட்டுப் பக்கமாகப் போகும் பந்துக்குச் சரிவே துணை நின்று ஹோலுக்குக் கொண்டு வரலாம், பள்ளத்துப் பக்கம் இறங்கிய பந்துக்கு அந்த வாய்ப்பு முடிந்துவிடுகிறது. அந்த ஒரு படத்தை அச்சுப் போட்டு ஸ்டுடியோவில் மாட்டி வைத்திருக்கிறேன். என் சொந்த ஆட்டத்தில் படம் எடுத்ததால் நேரடியாகக் குறைந்த அடிகள் எவை என்று கேட்டால் இந்தப் பட்டிங் அடிகளைத்தான் சொல்வேன். கண்ணுக்குத் தெரிவதைவிட இன்னும் ஒரு பங்கு மேட்டுப் பக்கம் குறி வைக்கிறேன், அவ்வளவுதான்.

பங்கர் (மணல் பள்ளம்) படங்கள் பார்க்க அழகானவை, ஆனால் பாடம் சின்னது. நன்றாக எடுப்பவரின் படத்தில் முதலில் மணல் எழும், பந்து அந்த மணலின் மேல் ஏறி வரும். கிளப் பந்தைத் தொடவே இல்லை. எடுக்கத் தெரியாதவரின் படத்தில் மணலே இருக்காது, பந்து மட்டும் எதிர்க்கரைக்குப் பறக்கும். அயர்ன் (தட்டையான இரும்புத் தலைக் கிளப்) அடிகளிலும் இப்படி ஒரு குறிப்பு உண்டு: பெயர்ந்த புல்பத்தை பந்து இருந்த இடத்துக்கு முன்பக்கம், அதாவது இலக்குப் பக்கம், தொடங்கினால் நல்லது.

கையுறையையும் கவனியுங்கள். விருது வாங்கும்போதும் கை குலுக்கும்போதும் எடுத்த குளோஸ் அப்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் இடது கையுறையில் உள்ளங்கையின் அடிப்பாகம், சுண்டுவிரலுக்குக் கீழே தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கும். கிளப்பை விரல்களில் பிடிக்காமல் உள்ளங்கையில் பிடிப்பவர்களுக்கு, வீசும்போது பிடி நழுவி உராய்வதால் இப்படித் தேய்கிறது என்று பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். என் முதல் கையுறை சரியாக அங்கேதான் கிழிந்தது. பிடியை மாற்றிய பிறகு கிழிவது நின்றது. ஒருவரின் அனுபவத்தைச் சட்டமாக்க வேண்டாம், ஆனால் உங்கள் கையுறையை ஒரு மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள்.

அடித்து முடித்த பிறகான நடை பற்றியும் சொல்ல வேண்டும். இது எந்தப் பாடத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை, 400 மில்லிமீட்டர் லென்ஸில் கிடைத்தது. மோசமான அடிக்குப் பின் பெரும்பாலானோர் வேகமாக நடப்பார்கள். தோள் முன்னால் குனிந்திருக்கும், கேடி பின்னால் ஓடி வருவார். அந்த வேகத்திலேயே பந்தருகே போய், அந்த வேகத்திலேயே அடிப்பார்கள். மரங்களுக்கு நடுவே முறத்தளவு இடைவெளி தெரியும், அதன் வழியே கிரீனுக்குக் குறிவைப்பார்கள். பந்து மரத்தில் பட்டுப் பின்னால் வரும். பக்கவாட்டில் ஃபேர்வேக்கு (ஒட்ட வெட்டிய புல் பாதைக்கு) தட்டிவிட்டிருந்தால் ஓர் அடியோடு போயிருக்கும். மூத்தோர் போட்டிகளில் இதை நான் அரிதாகத்தான் பார்க்கிறேன். 65 வயதுக்காரர்கள் 180 யார்டு அடிப்பார்கள், நேராக அடிப்பார்கள், காட்டுக்குள் போனால் வெளியே தட்டுவார்கள், மாலையில் பரிசு வாங்குவார்கள். நிறுவனப் போட்டிகளில் பெரும்பாலும் ஸ்டேபிள்ஃபோர்டு கணக்குதான். ஹேண்டிகேப் கழித்த பிறகு பார் என்றால் 2 புள்ளி, ஒன்று கூடினால் 1, இரண்டு கூடினால் 0. அதற்கு மேல் எவ்வளவு கெட்டாலும் அந்த ஹோலோடு போச்சு, பந்தை எடுத்துக்கொண்டு அடுத்ததுக்குப் போகலாம். ஆட்டமே மன்னித்துவிடும் தவறை ஆட்டக்காரர் மன்னிக்காமல் அடுத்த ஹோலுக்குத் தூக்கிப் போவதை முகத்தில் படமாகப் பார்த்திருக்கிறேன்.

தூரமாக அடிப்பதே ஆட்டம் என்று நினைப்பவர்களுக்குப் பெங்களூருவின் அதிதி அசோக்கை நினைவூட்டுவேன். 2021 ஆகஸ்டில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 4ஆம் இடம் பிடித்தார். களத்தில் அவரைவிடத் தூரம் அடித்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர் தாக்குப்பிடித்தது கிரீனைச் சுற்றியும் கிரீனுக்குள்ளும் ஆடிய ஆட்டத்தால்.

பார்த்துக் கற்க முடியாது என்றால் கேடிகள் எப்படிக் கற்றார்கள் என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991ல் இந்தியன் ஓப்பனை வென்றார். அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர். 1993லும் வென்றார். கேடிகளாக இருந்து பெரிய ஆட்டக்காரர்களானவர்கள் இந்தியாவில் இன்னும் பலர் உண்டு. ஆனால் அவர்கள் வெறுமனே பார்த்தவர்கள் இல்லை. பகலில் பார்த்ததை மாலையில் கிடைத்த ஒற்றைக் கிளப்போடு அடித்துப் பார்த்தவர்கள், அதையும் சிறுவயதில் தொடங்கியவர்கள். பார்ப்பது பயிற்சியோடு சேரும்போது கற்றலை விரைவாக்கும் என்பது உடலியக்கக் கல்வியில் நிலைபெற்ற கருத்து. பார்ப்பது மட்டும் போதும் என்று யாரும் சொல்லவில்லை. நான் மூன்று ஆண்டு பார்த்துவிட்டு முதல்முறை கிளப்பைப் பிடித்தபோது, கண்ணில் இருந்தது எதுவும் கைக்கு வரவில்லை. முழுதாகத் திரும்பிவிட்டேன் என்று உடம்பு சொன்னது. நண்பர் எடுத்த வீடியோவில் தோள் பாதிகூடத் திரும்பவில்லை. உடம்பு உணர்வதற்கும் உண்மையில் செய்வதற்கும் இடையே உள்ள அந்த இடைவெளியைச் சுட்டிக்காட்ட வெளியிலிருந்து இன்னொரு ஆள் வேண்டும். பயிற்சியாளருக்கு நான் கொடுத்த பணம் அதற்குத்தான், எனக்கு அதில் வருத்தமே இல்லை. முதல் ஐந்தாறு வகுப்புகளைத் தவிர்க்காதீர்கள். பிடியும் நிற்கும் விதமும் தவறாகப் பதிந்துவிட்டால் திருத்துவதற்கு ஆகும் காலம் மிக அதிகம்.

அந்தப் போட்டி நாளுக்கு வருவோம். அனேகமாக ஷாட்கன் ஸ்டார்ட்டாக இருக்கும். எல்லாக் குழுக்களும் ஒரே நேரத்தில் வெவ்வேறு ஹோல்களில் தொடங்கும். மைதானம் முழுக்கப் பந்து பறக்கும் என்று பொருள். 46 கிராம்கூட இல்லாத பந்துதான், ஆனால் தலையில் பட்டால் உயிருக்கு ஆபத்து. வலக்கை ஆட்டக்காரரின் மார்பு பார்க்கும் பக்கம், பந்தைத் தாண்டி முன்னால் நிற்கவே நிற்காதீர்கள். கிளப்பின் கழுத்தில் பட்டுத் தெறிக்கும் பந்து அங்கேதான் வரும். பந்து வருகிறது என்று எச்சரிக்கும் "ஃபோர்" குரல் கேட்டால் நிமிர்ந்து பார்க்க வேண்டாம், தலையைக் கையால் மூடிக் குனியுங்கள். கிரீனில் ஹோலுக்கு நேர் பின்னால், உருட்டுபவரின் பார்வையில் படும்படி நிற்கக் கூடாது. தூரத்தில் உட்கார்ந்து, உருட்டி முடிக்கும் வரை அசையாமல் இருந்தால் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். நடை 8 முதல் 10 கிலோமீட்டர் வரும், தண்ணீர் பாட்டில் கட்டாயம்.

பரிசளிப்புப் படங்கள், குழுப் படங்கள், நிறுவனப் பெயர்ப்பலகையோடு கேட்கும் படங்கள் எல்லாவற்றையும் முதலில் முடித்துவிடுங்கள். அது அவர்கள் பணம் கொடுத்த வேலை. பிறகு உங்களுக்காக ஒன்று செய்யுங்கள். உங்கள் உடல்வாகும் வயதும் உள்ள, ஹேண்டிகேப் 10க்குள் இருக்கும் ஓர் ஆட்டக்காரரைத் தேர்ந்து, அனுமதி கேட்டு, கடைசி ஆறு ஹோல் அவரோடு மட்டும் நடங்கள். ஒவ்வொரு அடிக்கும் முடிவு நிலையை ஒரு படம், நடந்து போவதை ஒரு படம். கிளப்பைக் கீழே வைத்ததிலிருந்து அடிக்கும் வரை மனதுக்குள் எண்ணி, அந்த எண்ணைக் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து அந்தப் படங்களை வரிசையாக அடுக்கி, பக்கத்தில் எண்களை எழுதிப் பாருங்கள். மறுவாரம் பயிற்சித் திடலில் ஒரு 7 அயர்னை வாடகைக்கு எடுத்து, அதே எண்ணிக்கையில் 20 பந்து அடித்துவிட்டு எழுதுங்கள், உங்கள் முடிவு நிலைப் படங்களையும் சேர்த்து அனுப்புங்கள். நான் பார்த்துச் சொல்கிறேன்.